கிராஃபீன் கலந்த சிலிக்கோன் ரப்பரில் நீட்சி சென்சார்: பொடியிலிருந்து ஆர்டுயினோ வரை

இதைப் படித்துச் செய்து முடித்தால் உங்கள் கையில் 80 மி.மீ. நீளம், 10 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் கொண்ட கரிய ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். இழுத்தால் அதன் மின்தடை ஏறும், விட்டால் இறங்கும். விரல் மூட்டின் மேல் கட்டி, ஆர்டுயினோ என்ற நிரல் எழுதக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகையுடன் இணைத்து விரலை மடக்கினால் கணினித் திரையில் கோடு ஆடும்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் இதைச் செய்வதைப் பல முறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். "கிராஃபீன் சரியில்லை சார்" என்று வருபவர்களில் பெரும்பாலானோரின் பட்டையில் கிராஃபீன் நன்றாகவே இருக்கும். ஹார்டனரை (பிசினை ரப்பராக இறுகவைக்கும் நீர்மம்) முன்கூட்டியே ஊற்றியிருப்பார்கள், அல்லது மின்முனையை மறந்துவிட்டு ரப்பர் இறுகிய பிறகு தேடியிருப்பார்கள். அதனால் படிகளை இங்கே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எதற்காகக் கலக்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கிராஃபீன் (கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய தாள்) செதில் கடத்தும். ரப்பருக்குள் செதில்கள் தனித்தனியாக மிதக்கும் வரை மொத்தப் பட்டையும் கடத்தாப் பொருள்தான். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் செதில்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பாதை அமைத்துவிடும். அந்த இடத்தில் கடத்துத்திறன் பல ஆயிரம் மடங்கு, சில நேரம் பல லட்சம் மடங்கு தாவும். அந்த அளவுக்குப் பெயர் பெர்கோலேஷன் வாசல். இனி வெறும் 'வாசல்' என்றே சொல்கிறேன்.

உங்கள் பயன் என்னவோ, அதற்கேற்ப வாசலுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்தெடுங்கள். நீட்சி சென்சாருக்கு வாசலைச் சற்றே தாண்டிய அளவு போதும். பாதைகள் குறைவாக இருப்பதால் இழுக்கும்போது பல அறுந்து மின்தடை நன்றாக மாறும். நிலைமின் சேராத உறைகளுக்கும் மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் மூடிகளுக்கும் வாசலை நன்றாகத் தாண்ட வேண்டும். மின்தேக்கியில் மின்னூட்டத்தைக் கூடுதலாகத் தேக்க உதவும் படலத்துக்கு வாசலுக்குக் கீழேயே நிற்க வேண்டும். வெப்பம் கடத்தும் பட்டை வேறு கதை. வெப்பக் கடத்தலில் இப்படித் திடீர்த் தாவல் கிடையாது, மெதுவாகத்தான் ஏறும்.

செம்பின் கடத்துத்திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5.8 கோடி சீமென்ஸ். நாம் செய்யப்போகும் பட்டைக்கு 0.1 வந்தாலே மகிழ்ச்சி. கம்பிக்குப் பதிலாக இதைப் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

2. வாங்க வேண்டியவை, வாங்கிவிடக் கூடாதவை

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. 'கிராஃபீன்' என்று தேடினால் கிராஃபீன் ஆக்சைடும் வரும், விலையும் கையாளும் வசதியும் பார்த்து அதை வாங்கிவிடுவார்கள். கிராஃபீன் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அதை ஒடுக்கிய (ஆக்சிஜனை நீக்கிய) பிறகுதான் ஓரளவு கடத்தும், அது தனி வேலை. நீரில் கரைத்த கரைசல் பழுப்பாக, தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் அது ஆக்சைடுதான். நமக்குத் தேவை கிராஃபீன் நானோபிளேட்லெட் என்ற கரிய பொடி. சில நானோமீட்டர் தடிமனும் 5 முதல் 25 மைக்ரோமீட்டர் அகலமும் உள்ள செதில்கள். அகலம் பெரிதாக இருந்தால் வாசல் சிறிய அளவிலேயே வரும், ஏனென்றால் நீண்ட செதில் தூரத்தில் உள்ள அண்டைச் செதிலையும் எட்டும்.

ரப்பருக்கு இரண்டு பாகமாக வரும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன். ஆய்வகங்களில் வழக்கமாகப் புழங்குவது சில்கார்ட் 184. அடிப்பிசின் பத்துப் பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு, இரண்டும் எடைக் கணக்கில்.

கையுறை விஷயத்தில் கவனம். லேடெக்ஸ் கையுறை வேண்டாம், நைட்ரைல் வாங்குங்கள். இந்த ரப்பரை இறுக வைப்பது பிளாட்டினம் வினையூக்கி. கந்தகமும் அமீன்களும் வெள்ளீயச் சேர்மங்களும் அதை முடக்கிவிடும். லேடெக்ஸில் கந்தகம் உண்டு. என் முதல் கலவை மூன்று நாள் அடுப்பில் இருந்தும் கீழ்ப்புறம் பலாப்பழப் பால் போல ஒட்டிக்கொண்டே இருந்தது. அச்சைத் துடைத்த கையில் இருந்தது லேடெக்ஸ் உறை என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. இதே காரணத்தால் ஒளியில் இறுகும் ரெசினில் அச்சடித்த முப்பரிமாண அச்சும், சிற்பக் களிமண்ணும் ஆகாது. லேசரில் வெட்டிய அக்ரிலிக் பிரச்சினை தராது.

மற்றவை: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நுண்ணிய செம்பு வலை, மில்லிகிராம் வரை காட்டும் தராசு, குளியல் வகை சொனிகேட்டர் (மீயொலியால் பொடியைப் பிரிக்கும் தொட்டி), காந்தக் கலக்கியுள்ள ஹாட் பிளேட், வாக்குவம் பம்பு பொருத்திய டெசிகேட்டர் (காற்றுப் புகாத மூடிய பாத்திரம்), 100 டிகிரி வரை போகும் அடுப்பு.

3. அறையைத் தயார் செய்யுங்கள்

மின்விசிறியை அணையுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. இந்தப் பொடி அவ்வளவு லேசானது, கரண்டியில் அள்ளும்போதே புகை போலக் கிளம்பும். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. அருகில் திறந்து கிடக்கும் மின்சுற்றுப் பலகையில் படிந்தால் ஷார்ட் ஆகும். ஃப்யூம் ஹுட்டுக்குள் (காற்றை வெளியே உறிஞ்சும் ஆய்வகக் கூண்டு), கதவைப் பாதி இறக்கி, என்95 முகக்கவசம் போட்டு எடையிடுங்கள். சிந்தியதை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். 12 டிகிரியிலேயே அதன் ஆவி பற்றக்கூடியது, அதாவது நம் ஊரில் எந்த நேரமும். சுடர் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஆவியாக்கும் வேலை முழுவதும் ஃப்யூம் ஹுட்டுக்குள்தான்.

4. கணக்கைத் தாளில் போடுங்கள்

எடுத்துக்காட்டாக 6 சதவீதக் கலவை என்றால், மொத்தக் கலவையின் எடையில் கிராஃபீன் 6 சதவீதம். 10 கிராம் பிசின், 1 கிராம் ஹார்டனர், ஆக 11 கிராம் ரப்பர். புதியவர்கள் 11-ஐ 0.06-ஆல் பெருக்கி 0.66 கிராம் என்பார்கள். சரியான கணக்கு: 11 × 0.06 ÷ 0.94 = 0.702 கிராம். வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும். வாசலுக்கு அருகில் இந்தச் சின்ன வித்தியாசமே மின்தடையைப் பல மடங்கு மாற்றும்.

அதே 11 கிராம் ரப்பருக்கு 2 சதவீதம் 0.224 கிராம், 4 சதவீதம் 0.458, 8 சதவீதம் 0.957, 10 சதவீதம் 1.222.

கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சிலர் எடைச் சதவீதம் தருவார்கள், சிலர் கன அளவுச் சதவீதம். கிராஃபீனின் அடர்த்தி ஏறத்தாழ 2.2, பிடிஎம்எஸ் 1.03. எனவே எடையில் 8 சதவீதம் என்பது கன அளவில் 4-ஐக்கூட எட்டாது. 2006-இல் நேச்சர் இதழில் வெளியான பாலிஸ்டைரீன் கலவையில் வாசல் கன அளவில் வெறும் 0.1 சதவீதம். 1 சதவீதத்தில் கடத்துத்திறன் மீட்டருக்கு 0.1 சீமென்ஸ் என்ற அளவில் வந்தது. அது வேதிமுறையில் ஒற்றை ஒற்றைத் தாளாகப் பிரித்துச் செய்தது. கடையில் வாங்கும் அடுக்குச் செதிலுக்கு அந்த எண்ணை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் உங்கள் பொடிக்கு வாசல் எது? யாருடைய கட்டுரையும் அதைச் சொல்லாது. 2, 4, 6, 8, 10 என ஐந்து கலவை செய்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஐந்தையும் தவிர்த்துவிட்டு நேராக ஒரே அளவில் சென்சார் செய்பவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஒரே புட்டியில் வந்த பொடியை ஐந்துக்கும் பயன்படுத்துங்கள். புட்டி மாறினால் வாசலும் நகரலாம்.

5. அச்சும் மின்முனையும் முதலில்

கலக்கத் தொடங்கும் முன்பே அச்சு மேசைமேல் தயாராக இருக்க வேண்டும். ஹார்டனர் சேர்த்த பிறகு உங்களுக்கு இருப்பது ஒன்றரை மணி நேரம், அதுவும் 25 டிகிரியில். சித்திரை மாத அறையில் அதைவிடக் குறைவு. அந்த நேரத்தில் அக்ரிலிக் வெட்ட ஆள் தேட முடியாது.

1 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் 80 × 10 மி.மீ. துளைகள் வெட்டி, அதை வழுவழுப்பான பெட் (PET) பிளாஸ்டிக் தாளின்மேல் வைத்துக் கவ்விகளால் இறுக்குங்கள். இந்த 11 கிராமில் ஐந்தாறு பட்டை தாராளமாக வரும்.

ஒரு துளை அளவீட்டுப் பட்டைக்கு. அதில் குறுக்காக நான்கு செம்பு வலைத் துண்டுகள்: ஓரத்தில் இரண்டு, அவற்றுக்கிடையே 70 மி.மீ.; உள்ளே இரண்டு, அவற்றுக்கிடையே 40 மி.மீ. வலையின் நுனி அச்சின் பக்கப் பிளவு வழியே வெளியே நீண்டிருக்கட்டும். மற்ற துளைகள் சென்சாருக்கு, அவற்றில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு வலை மட்டும். நடுவில் வலை இருந்தால் அந்த இடம் நீளாது.

தகடாக இல்லாமல் ஏன் வலை? இந்த ரப்பரில் எதுவும் ஒட்டாது. தகட்டை வைத்தால் இரண்டு முறை இழுத்ததும் பிரிந்துவிடும். வலையின் கண்களுக்குள் கலவை புகுந்து இறுகுவதால் பிடிப்பு கிடைக்கிறது. செம்பு டேப்பை ஒட்டுவது இன்னொரு பொறி. பல டேப்புகளின் பசை மின்சாரத்தைக் கடத்தாது. மல்டிமீட்டர் செம்பின் மேல்புறத்தில் நன்றாகக் காட்டும், அடியில் பசை மறித்து நிற்கும்.

கம்பியைப் பற்றவைப்பதை இப்போது செய்யாதீர்கள். பற்றவைப்புக்குத் தடவும் ஃப்ளக்ஸின் மிச்சம் கலவையில் பட்டால் அந்த இடம் இறுகாமல் போகலாம். வெளியே நீட்டிய நுனியில் கடைசியில் பற்றவைத்தால் போதும், அந்தச் சில நொடிச் சூட்டை இந்த ரப்பர் தாங்கும்.

6. பொடியை ஆல்கஹாலில் பிரியுங்கள்

பொடியை நேராகப் பிசினில் கொட்டிக் கரண்டியால் கிண்டினால் என்ன ஆகும்? ரவையை வெந்நீரில் மொத்தமாகக் கொட்டியது போல்தான். வெளியே கட்டி, உள்ளே உலர்ந்த பொடி. பிசின் தேனைப் போலக் கெட்டியானது, கட்டிக்குள் நுழையாது. அதனால்தான் முதலில் தண்ணீர் போல ஓடும் ஆல்கஹாலில் பிரிக்கிறோம்.

பீக்கரையும் காந்தத் துண்டையும் சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் அடுத்த படியைச் செய்ய முடியாது. பொடியை எடையிட்டதும் தாமதிக்காமல் கொஞ்சம் ஆல்கஹால் விட்டு நனையுங்கள், பறப்பது நின்றுவிடும். 1 கிராம் பொடிக்கு ஏறத்தாழ 100 மி.லி. ஆல்கஹால்.

குளியல் சொனிகேட்டரில் ஒரு மணி நேரம். தண்ணீர் சூடேறினால் பனிக்கட்டி போடுங்கள். பீக்கரை மூடிவையுங்கள். 'நேரம் கூட்டினால் இன்னும் நன்றாகப் பிரியும்' என்று இரவு முழுக்க ஓட விடுபவர்கள் உண்டு. குறிப்பாக முனை வகை சொனிகேட்டரில் நீண்ட நேரம் வைத்தால் செதில்களே உடையும். அகலம் குறைந்தால் வாசல் தள்ளிப்போகும் என்று மேலே பார்த்தோம். அப்படிச் செய்த ஒருவரின் கலவை கண்ணாடித் தட்டில் பட்டுப் போல வழுவழுவென்று இருந்தது. கடத்தத்தான் இல்லை.

போதுமா என்று பார்க்க எளிய வழி: ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். சீரான சாம்பல் படலம் தெரிந்தால் சரி. மணல் போலப் புள்ளிகள் தெரிந்தால் இன்னொரு 20 நிமிடம்.

7. பிசினைச் சேர்த்து ஆல்கஹாலை விரட்டுங்கள்

இப்போது 10 கிராம் அடிப்பிசினை மட்டும் சேருங்கள். ஹார்டனர் இப்போது கூடாது. பிசின் தனியாக இருக்கும் வரை எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் இறுகாது. ஹார்டனரும் சேர்ந்திருந்தால் ஆல்கஹால் போவதற்குள் பீக்கரிலேயே ரப்பராகிவிடும்.

ஹாட் பிளேட்டில் 70 முதல் 80 டிகிரி, கலக்கியபடி. தொடக்கத்தில் பிசின் ஆல்கஹாலுடன் சேராமல் துண்டு துண்டாகச் சுற்றும், பயப்படாதீர்கள். ஆல்கஹால் குறையக் குறையச் செதில்கள் பிசினுக்குள் போய்விடும். பளபளப்பில்லாத கருமை மாறி, மை போன்ற மினுமினுப்பு வரும். அப்புறம் கலவை கெட்டிப்பட்டு காந்தம் சுழலத் திணறும். அதன் பிறகு ஸ்பேட்டுலாவால் அவ்வப்போது கிண்டுங்கள்.

ஆல்கஹால் முழுவதும் போய்விட்டதா என்பதை மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், தராசை வையுங்கள். 6 சதவீதக் கலவை என்றால் பீக்கர் எடை போக 10.702 கிராம் இருக்க வேண்டும். 11.0 காட்டினால் 0.3 கிராம் ஆல்கஹால் உள்ளே பதுங்கியிருக்கிறது. அது பிறகு அடுப்பில் ஆவியாகிப் பட்டையைப் பஞ்சு போல ஊத வைக்கும். அரை மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகளும் ஒன்றாக இருக்கும் வரை விடாதீர்கள். பல நேரம் ஓர் இரவு ஆகும், ஆகட்டும். எடை கணக்கைவிடக் குறைந்தால் ஸ்பேட்டுலாவில் ஒட்டிப் போனது எவ்வளவு என்று பாருங்கள்.

8. ஆறவிடுங்கள், பிறகுதான் ஹார்டனர்

சூடான கலவையில் ஹார்டனர் ஊற்றினால் கிண்டும்போதே இறுகத் தொடங்கும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு 1 கிராம் சேர்த்து ஐந்து நிமிடம், பீக்கரின் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பொடி சேராத நிறமற்ற பிசினில் கலங்கல் தெரியும், கறுப்பில் தெரியாது. அதனால் நேரத்தை வைத்துத்தான் கலக்க வேண்டும்.

பிறகு டெசிகேட்டரில் வைத்து காற்றை உறிஞ்சுங்கள். கலவை பால் பொங்குவது போல எழும், பாத்திரம் கலவையைப் போல நான்கு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். பொங்கி விளிம்புக்கு வரும்போது வால்வைத் திறந்து காற்றை விட்டால் சட்டென்று அமரும். நான்கைந்து முறை இப்படி. மொத்தம் அரை மணி நேரம். 10 சதவீதத்தில் கலவை சப்பாத்தி மாவு போல ஆகிவிடுவதால் காற்று முழுவதும் போகாது. அந்தக் கலவையைப் பட்டையாக அழுத்தும்போது மெதுவாக அழுத்தி ஓரமாகக் குமிழ்களைத் தள்ளுங்கள்.

9. வார்ப்பதும் இறுகவைப்பதும்

அச்சில் பாதி நிரப்பி, வலைகளின் கண்களுக்குள் கலவை புகும்படி ஸ்பேட்டுலாவால் அழுத்துங்கள். பிறகு மேலே நிரப்பி, நேரான கண்ணாடித் தகட்டின் விளிம்பால் ஒரே திசையில் வழியுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் காற்று புகும். எல்லாப் பட்டைகளையும் ஒரே திசையில் வழிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழிக்கும் திசையில் செதில்கள் படுத்துக்கொள்ளும், திசை மாறினால் மின்தடையும் மாறும்.

மேசைமேல் 20 நிமிடம் விட்டு, 60 டிகிரியில் அரை மணி, பிறகு 80 டிகிரியில் இரண்டு மணி நேரம். எடுத்தவுடன் உரிக்க வேண்டாம். ஆறட்டும்.

மிச்சக் கலவையைத் தொட்டியில் கழுவாதீர்கள். அதையும் அடுப்பில் வைத்து இறுகவைத்துத் திடக் கழிவாக அகற்றுங்கள்.

10. அளப்பது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், எனவே நிதானமாக.

பட்டையை உரித்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கருப்பு மேற்பரப்பில் குத்துவார்கள். திரை எல்லை மீறியது என்று காட்டும். 'கடத்தவில்லை' என்று முகம் வாடும். உண்மையில் வார்த்த பட்டையின் மேலும் கீழும் மெல்லிய ரப்பர் தோல் ஒன்று படிந்திருக்கும். அதில் செதில்கள் இல்லை. முனை அந்தத் தோலைத்தான் தொடுகிறது. உள்ளே பாதை இருக்கிறது. பட்டையைப் பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் வெள்ளிப் பசை தடவி அளந்தால் அதே பட்டை கடத்தும். நாம் வலையை உள்ளே புதைத்ததற்கு இதுவும் காரணம்.

அடுத்தது தொடர்புத் தடை. வலைக்கும் கலவைக்கும் இடையே ஒரு தடை இருக்கும். இரண்டு முனையில் அளந்தால் அதுவும் சேர்ந்து வரும். அதைப் பிரித்தெடுக்கத்தான் நான்கு வலைகள். 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோஓம் தடையி (ரெசிஸ்டர்), பட்டையின் வெளி வலைகள் இரண்டு. இவற்றைத் தொடராக இணையுங்கள். தடையியின் குறுக்கே வோல்ட்டை அளந்தால் மின்னோட்டம் தெரியும். உள் வலைகளுக்கு இடையே வோல்ட்டை அளந்தால் பட்டையின் சொந்தத் தடை தெரியும்.

எண்ணோடு பார்ப்போம். தடையியின் குறுக்கே 5 வோல்ட் என்றால் மின்னோட்டம் 50 மைக்ரோஆம்பியர். உள் வலைகளுக்கு இடையே 2 வோல்ட் என்றால் 40 கிலோஓம். அது 40 மி.மீ. நீளத்துக்கு, அதாவது மில்லிமீட்டருக்கு 1 கிலோஓம். வெளி வலைகளின் 70 மி.மீ.க்கு 70 கிலோஓம், அதன் குறுக்கே 3.5 வோல்ட் வர வேண்டும். ஆனால் பேட்டரியின் 9-இல் 5 போக மிச்சம் 4. அந்த அரை வோல்ட் எங்கே போனது? இரண்டு வலைத் தொடர்புகளிலும் சேர்த்து 10 கிலோஓம். இந்தத் தொடர்புத் தடை பட்டையின் தடையை நெருங்கினால் உங்கள் சென்சார் நீட்சியை அளக்காது, வலை ஆடுவதைத்தான் அளக்கும்.

கடத்துத்திறன் = நீளம் ÷ (தடை × குறுக்குப் பரப்பு). 0.04 மீட்டர் ÷ (40,000 × 0.00001) = மீட்டருக்கு 0.1 சீமென்ஸ். தடிமனை வெர்னியரில் அளக்கும்போது ரப்பரை அமுக்கிவிடாதீர்கள். 1 மி.மீ.யில் 0.1 தவறினால் விடையிலும் 10 சதவீதம் தவறும்.

தடை மெகாஓம் அளவில் இருந்தால் மல்டிமீட்டரே குறுக்கே நிற்கும். வோல்ட் அளக்கும்போது அதன் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். 5 மெகாஓம் பட்டைக்கு இணையாக அதை வைத்தால் இரண்டும் சேர்ந்து 3.3 மெகாஓமாக நடந்துகொள்ளும். அந்தக் கலவைகளுக்கு உள்தடை மிக அதிகமான எலெக்ட்ரோமீட்டர் தேடுங்கள், இல்லையென்றால் 'வாசலுக்குக் கீழ்' என்று எழுதிவிட்டு நகருங்கள். நமக்கு அந்த எண் தேவையில்லை.

ஐந்து கலவைக்கும் அளந்து, சதவீதத்தைக் கிடையாகவும் கடத்துத்திறனின் மடக்கையைச் செங்குத்தாகவும் வரையுங்கள். வரைபடம் செங்குத்தாக ஏறிய பிறகு எங்கே ஏற்றம் தணிந்து மட்டமாகத் தொடங்குகிறதோ, அந்த இடம்தான் சென்சாருக்கு நல்லது. செங்குத்துப் பகுதியில் உணர்திறன் கூடுதல்தான், ஆனால் அடுத்தடுத்த இரண்டு பட்டைகள்கூட ஒன்றாக இருக்காது.

11. பட்டையைப் பழக்குங்கள்

புதுப் பட்டையை முதல் முறை இழுத்து வரைந்த கோட்டை நம்பாதீர்கள். முதல் சில இழுப்புகளில் ரப்பரும் செதில் வலைப்பின்னலும் இடம் மாறி அமரும். ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். நீங்கள் பயன்படுத்தப்போகும் நீட்சியைவிடச் சற்று அதிகமாக, 30 சதவீதம் வேண்டுமென்றால் 35 வரை, நூறு முறை இழுத்து விடுங்கள். கையால் எண்ணிக்கொண்டு செய்தால் அறுபதில் கை சோரும். ஒரு சர்வோ மோட்டாரைக் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

பழக்கிய பிறகு உணர்திறனைக் கணக்கிடுங்கள். தடை 80 கிலோஓமிலிருந்து 10 சதவீத நீட்சியில் 120 ஆனால், மாற்றம் 0.5, அதை 0.1-ஆல் வகுத்தால் 5. சாதாரண உலோகத் தகட்டு அளவிக்கு இது ஏறத்தாழ 2. ஆனால் உலோகத்தில் கோடு நேராக இருக்கும், நம் பட்டையில் வளையும். ஒரே எண்ணைச் சொல்லாமல் எந்த நீட்சியில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் தடை மெல்ல இறங்கும். விடும்போது வந்த வழியே திரும்பாமல் வேறு கோட்டில் இறங்கும். இரண்டும் ரப்பரின் பிறவிக்குணம். விரல் மடங்கியதா நிமிர்ந்ததா என்று அறிய இது தடையில்லை. மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாக அளக்க நினைத்தால் வேறு சென்சார் தேடுங்கள்.

12. ஆர்டுயினோவுடன் இணைத்தல்

வலை நுனியில் மெல்லிய, பல இழைக் கம்பியைப் பற்றவைத்து, அந்த இடத்தை, கையில் மாட்டப்போகும் துணிக் கையுறையோடு தைத்துவிடுங்கள். கம்பியின் இழுப்பு துணிக்குப் போகட்டும், வலைக்கு வேண்டாம்.

சென்சாரையும் ஒரு நிலையான தடையியையும் தொடராக இணைத்து நடுப்புள்ளியைப் படிக்க வேண்டும். எந்த மதிப்பு? சென்சாரின் குறைந்த, கூடிய தடைகளைப் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 80-உம் 180-உம் என்றால் 120 கிலோஓம். நிலையான தடையி தரைப்பக்கம் இருந்தால் 5 வோல்ட் வழங்கலில் நடுப்புள்ளி 3.0 வோல்ட்டிலிருந்து 2.0-க்கு இறங்கும். ஆர்டுயினோ ஊனோவின் 1024 படிகளில் ஏறத்தாழ 200 படி கிடைக்கிறது, விரலுக்கு இது ஏராளம். பழக்கத்தில் 10 கிலோஓம் தடையியை எடுத்துப் போட்டவர்களுக்கு 60 படிகூடத் தேறாது.

கடைசிப் பொறி ஒன்று. ஊனோவின் அனலாக் உள்ளீடு 10 கிலோஓமுக்குக் குறைந்த மூலத்தடையை (வோல்ட்டைத் தரும் சுற்றின் தடையை) எதிர்பார்க்கிறது. நம் நடுப்புள்ளியின் மூலத்தடை 48-இலிருந்து 72 கிலோஓம். அப்படியே இணைத்து, பல உள்ளீடுகளை மாற்றி மாற்றிப் படித்தால் முந்தைய உள்ளீட்டின் நிழல் இதில் விழும். ஐந்து விரலுக்கும் சென்சார் வைத்தவர்கள், சுட்டுவிரலை மடக்கினால் நடுவிரல் கோடும் ஆடுவதைப் பார்த்து, குறை பட்டையில்தான் என்று மறுபடி கலக்கப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தரைக்கும் இடையே 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். 7 மில்லிவினாடி தாமதம் வரும், விரல் அசைவுக்கு அது தெரியாது. வேகமான அதிர்வை அளப்பதென்றால் மின்தேக்கிக்குப் பதில் எம்சிபி6002 போன்ற ஆப்-ஆம்ப்பை (மின்னழுத்தத்தை மாற்றாமல் மூலத்தடையைக் குறைத்துத் தரும் சில்லு) இடையில் வையுங்கள்.

நிரலில் தொடக்க மதிப்பை நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். கையுறையை மாட்டியதும் விரலை ஒரு முறை முழுதாக நிமிர்த்தி, ஒரு முறை முழுதாக மடக்கச் சொல்லி, அந்த இரண்டு எண்களையும் அன்றைய எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் குளிரூட்டிய அறையில் எடுத்த எண் மதியம் மாடியில் பொருந்தாது.